112-ஆம் எண் கடிதம்

சென்ற மாதம் குரோம்பேட்டையில் கவிதாவின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கவிதா கடைசி இரண்டு வருடம் எனக்குக் கீழே வேலை பார்த்தவள். இப்போது சொந்தமாகச் சுற்றுலா ஏஜென்சி நடத்துகிறாள். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போகும்படி கேட்டிருந்தாள். "லில்லி மேடம் இருபத்துநாலு வருஷம் ஒரே ரிசார்ட்டுக்கு புக்கிங் பார்த்தவங்க. ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது" என்று அறிமுகப்படுத்தினாள்.

பேசி முடித்ததும் ஒரு பெண் கேட்டாள். "உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான கேஸ் எது மேடம்?"

ஒரே காட்டேஜுக்காக ஒரு மாமியாரும் மருமகளும் வேனிலேயே சண்டை போட்ட கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். காபி கொடுத்தார்கள். பஸ் பிடித்துச் சேலையூர் வந்து சேரும்வரை எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது. கஷ்டமான கேஸ் எது என்று எனக்குத் தெரியும். அதை இதுவரை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தேன். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் மாடி வீடு. மாடியில் முதலாளி குடும்பம் இருந்தது. கீழே முன்னறைதான் அலுவலகம். ஜவ்வாது மலையில் அவர்களுக்குத் தோட்டம் இருந்தது. அதற்குள் பத்து ஓட்டு வீடுகள், ஒரு சமையல் கூடம், பக்கத்தில் ஓடை. வெள்ளிக்கிழமை மதியம் தாம்பரத்திலிருந்து வேன் விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து இறக்கிவிடும். ரிசார்ட் என்ற சொல்லையே அப்போது யாரும் சொல்ல மாட்டார்கள். "மலை பங்களா" என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

முதலாளியின் பெயர் ராஜரத்தினம். நாங்கள் ஐயா என்போம். அரசாங்கத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது. சுவரில் மாட்டிய அட்டையில் எந்த வீடு யாருக்கு என்று நிரப்புவது, மலைக்குப் போக வேண்டிய சாமான் பட்டியல், கடிதப் போக்குவரத்து, அவ்வளவுதான். மலையில் தொலைபேசி கிடையாது. எதுவானாலும் கடிதம் எழுதி வேனில் கொடுத்தனுப்ப வேண்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் உண்டு. அந்த எண்ணை அனுப்புகைப் பதிவேட்டில் எழுதி, கார்பன் காப்பியைக் கோப்பில் வைக்க வேண்டும். கடிதம் ரத்தானால் எண்ணை அழிக்கக் கூடாது. சிவப்பு மையில் கோடு போட்டு "ரத்து" என்று எழுத வேண்டும். "பதிவேடு பொய் சொல்லக் கூடாது லில்லி. மனுஷன் சொல்லலாம்" என்பார் ஐயா.

எல்லாவற்றையும்விட அவர் கண்டிப்பாக இருந்தது ஒரு விஷயத்தில். வேன் ஏறும் முன் ஒவ்வொரு விருந்தினருக்கும் நான்கு விதிகளை நான் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். ஓடைத் தண்ணீரின் நிறம் மாறினால் யாரும் இறங்கக் கூடாது. வழிகாட்டி சடையன் இல்லாமல் ஓடையின் ஆழமான மடுவுக்குப் போகக் கூடாது. சடையன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், முதலாளியிடம் வந்து சிபாரிசு கேட்கக் கூடாது. குடித்திருப்பவர்களுக்கு இடமில்லை. படித்து முடித்ததும் கையெழுத்து வாங்க வேண்டும். நான் படிக்கும்போது ஐயா எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வேகமாகப் படித்தால் நாற்காலி முதுகில் விரலால் தட்டுவார். மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

"காகிதத்தைக் கையில கொடுத்தா யாரும் படிக்க மாட்டாங்க. காதுல போடணும்" என்பார்.

ஒருமுறை பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். நான் படிக்கத் தொடங்கியதும், "இதெல்லாம் எங்களுக்கு எதுக்கும்மா? நாங்க பார்க்காத மலையா?" என்று வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஐயா வேன் கதவருகே போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"சார், நீங்க இறங்கிக் கேட்டுட்டு ஏறுங்க. இல்லேன்னா இறங்கி வீட்டுக்குப் போயிடுங்க. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்."

அந்த மனிதர் இறங்கிவந்து நின்று கேட்டார். நான் படித்தேன். ஐயாவின் விரல் நாற்காலியைத் தட்டவில்லை. அன்றிலிருந்து பல வருடம், நேர்மை என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் இந்த மனிதரைத்தான் காட்டியிருப்பேன்.

விதிகளில் வரும் சடையன் மலைக்காரர். தோட்டத்துக்கு மேலே இருந்த சிற்றூரைச் சேர்ந்தவர். ஓடையும் மடுவும் அவருக்குத் தன் வீட்டு முற்றம் மாதிரி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேனில் தாம்பரம் வருவார். மாடியில் ஐயா வீட்டு அம்மாவுக்குத் தேனும் சாமை அரிசியும் கொண்டுவருவார். கொடுத்துவிட்டு வந்து என் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். என்னைவிடப் பத்து வயது பெரியவர் இருப்பார். என்னைத் தங்கச்சி என்பார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பெயருக்குக் கடிதம் அனுப்பினால் வேன் டிரைவர் பாஷா படித்துக் காட்டுவார். காப்பியில் சடையன் கைநாட்டு வைத்துத் திருப்பி அனுப்புவார். அது பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி. ஒருமுறை சமையல்காரர் ஏதோ ஒரு காகிதத்தில் கைநாட்டுக் கேட்டதற்கு முடியாது என்றாராம். பாஷாதான் வந்து சொன்னார். "லில்லிம்மா, உன் லெட்டர்னாதான் வெரலை நீட்டுது அந்த ஆளு. வேற எவன் பேப்பர் குட்தாலும் கைய முதுகுக்குப் பின்னால வெச்சிக்குது."

எனக்குப் பெருமையாக இருந்தது.

தொண்ணூறுகள் பிறந்து இரண்டொரு வருடத்தில் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்து, மெல்ல மெல்லத் தேறினார். கோல் ஊன்றி நடக்கலானார். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புரியும். நிர்வாகம் மகன் முரளியிடம் போனது. ஒரே பிள்ளை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆறாம் வகுப்பில் இருந்தான். அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து என்னிடம் கணக்குக் கேட்டுப் போட்டவன். லில்லி அக்கா என்றுதான் கூப்பிடுவான். முதலாளியான பிறகும் அந்த அழைப்பை மாற்றவில்லை.

முரளி கெட்டவன் இல்லை. அவசரக்காரன். விருந்தினர் முகம் சுளித்தால் தாங்க மாட்டான். வழவழப்பான தாளில் கையேடு அச்சடித்தான். கம்பெனிக் கூட்டங்களைப் பிடித்தான். பொத்தேரி பக்கத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் கும்பல் கும்பலாக வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் நான் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தபோது என்னைத் தனியே அழைத்தான்.

"அக்கா, இது ஜெயில் மாதிரி இருக்கு. சந்தோஷமா கிளம்புறவங்களைப் பயமுறுத்துறோம். கையேட்டுல கடைசிப் பக்கத்துல போட்டிருக்கேன், போதும்."

"ஐயா கேட்டா?"

"அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

படிப்பதை நிறுத்திவிட்டேன். வேலை சீக்கிரம் முடிந்ததில் எனக்குச் சௌகரியமாகக்கூட இருந்தது. கையேட்டில் சடையனின் பெயர் இல்லை. "வழிகாட்டியின் ஆலோசனையைக் கேட்கவும்" என்று மட்டும் இருந்தது.

அந்த வருடம் நவம்பரில் கிண்டிப் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து இருபது பேர் போனார்கள். அதில் அஸ்தினாபுரத்தைச் சேர்ந்த ரவி என்ற பையனும் அவன் மனைவி சுதாவும் இருந்தார்கள். கல்யாணமாகி நாலு மாதம். வேன் படியில் கால் வைத்தபடி ரவி என்னிடம் கேட்டான்.

"ஓடையில தண்ணி இருக்குமா மேடம்?"

"நல்ல மழை. நிறைய இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. மாலை நான்கு மணிக்குப் பாஷா அடிவாரத்திலிருந்து போன் செய்தார். "லில்லிம்மா, ஒரு பையன் பூட்டான்" என்றார். பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

முகவரி என்னிடம்தான் இருந்தது. மழையில் ஆட்டோ பிடித்து நான்தான் அஸ்தினாபுரம் போனேன். ரவியின் அம்மா ஈரத் துணிகளைக் கூடத்தில் கொடி கட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த அலுவலகப் பையில் எங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, "வேன் இன்னிக்கே வந்துடுச்சாம்மா? நாளைக்குன்னுல்ல சொன்னான்" என்றார். நான் எப்படிச் சொன்னேன், என்ன வார்த்தையில் சொன்னேன் என்பது நினைவில்லை. கொடியில் பாதி தொங்கிய ஒரு சட்டையை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பாஷா கூட்டத்தை இறக்கிவிட்டு வந்து நடந்ததை எல்லாம் சொன்னார்.

சனிக்கிழமை காலை தோட்டத்தில் வெறும் தூறல்தான். ஆனால் மேலே மலை கறுத்துக் கிடந்தது. மடுவுக்கு இன்று வேண்டாம் என்று சடையன் சொல்லிவிட்டார். கம்பெனிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முரளி அந்த வாரம் மலையில்தான் இருந்தான். சமையல் கூடத்துக்குப் பின்னால் சடையனைக் கூப்பிட்டுப் பேசினான். பாஷா அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பத்து நிமிஷம், கால் நனைச்சுட்டு வரட்டும்" என்றிருக்கிறான் முரளி.

"மேல மழ புடிச்சிருக்குது சாமி. தண்ணி சொல்லிக்கினு வராது."

"நீ போகலேன்னா தோட்டக்காரனை அனுப்பறேன்."

தோட்டக்காரர் சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டு ஆள். ஓடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் சடையன் கிளம்பினார். மடுவுக்குப் போன கால் மணி நேரத்தில் தண்ணீர் செம்மண் நிறமாக வந்திருக்கிறது. சடையன் கத்தியதும் மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். நடுப்பாறையில் நின்றிருந்த ரவியும் சுதாவும் மாட்டிக்கொண்டார்கள். சடையன் குதித்து சுதாவைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். மறுபடியும் குதித்தார். ரவி கிடைக்கவில்லை. மதியத்துக்கு மேல் வெகுதூரம் கீழே கண்டெடுத்தார்கள்.

"முரளி சொன்னதை ஸ்டேஷன்ல சொன்னீங்களா பாஷா பாய்?"

"சொல்ட்டேன். ரெண்டு வாட்டி சொன்னேன். எழுதிக்கல." பிறகு, "நாளைக்கு அந்த மொதலாளி புள்ள உங்கிட்ட வரும் பாரு. நீ இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார்.

அடுத்த நாள் முரளி வந்தான். தாடி வளர்ந்திருந்தது. என் எதிரே, சடையன் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒரே ஒரு லெட்டர். மழைக் காலத்துல யாரையும் மடுவுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு சடையனுக்கு ஜூன் மாசமே நாம எழுதின மாதிரி. விசாரணைக்கு வராங்க. என்ன ஏற்பாடு பண்ணியிருந்தீங்கன்னு கேட்பாங்க. என்கிட்ட ஒண்ணுமே இல்ல."

"அப்படின்னா சடையன் மேல பழி வருமே?"

"அவனுக்கு நான் வக்கீல் வெச்சுடறேன். சின்னதா முடிஞ்சிடும். அப்பாவுக்கு இது தெரிஞ்சா உயிரே போயிடும் அக்கா. நீங்களும் இந்தக் குடும்பம்தானே?"

அழுதான். ஆறாம் வகுப்பில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோதும் இப்படித்தான் அழுதான். நான் தாளையும் கார்பனையும் சொருகினேன்.

ஐந்து வரிகள். ஜூன் மாதத் தேதி போட்டேன். எண் இல்லை. அந்த மாதத்தில் எண்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. 112-க்குப் பக்கத்தில் 112-அ என்று நுழைக்கலாம் என்றான் முரளி. அப்படியே அடித்தேன். தாளை உருவும்போது மாடிப்படியில் கோல் ஊன்றும் சத்தம் கேட்டது.

பல மாதங்களுக்குப் பிறகு ஐயா கீழே இறங்கி வந்தார். முன்னறையில் பேசுவது மாடிப்படி வழியே மேலே கேட்கும். முரளி எழுந்து நின்றான். ஐயா அவனைப் பார்க்கவே இல்லை. என் மேசைக்கு வந்து கையை நீட்டினார். கடிதத்தைக் கொடுத்தேன். எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது, உண்மையாகச் சொல்கிறேன். கிழித்துப் போடப் போகிறார், எனக்கு ஒரு அறை விழும், இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

இரண்டு முறை படித்தார்.

"அ போடக் கூடாது" என்றார். நாக்கு குழறியது. "நுழைச்சதுன்னு பார்த்ததுமே தெரியும். ஜூன்ல ரத்தான கடிதம் எது?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதிவேட்டைப் புரட்டினேன். 112-ஆம் எண்ணே ரத்தானதுதான். வருவதாக இருந்த ஒரு விருந்தினர் வராமல் போனதால் நிறுத்தி வைத்த கடிதம். சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.

"அந்த நம்பரைக் கொடு. பதிவேட்டை ஜனவரியில இருந்து புதுசா எழுது. சிவப்புக் கோடு இருக்கக் கூடாது. ஒரே பேனாவுல எழுதாதே. மாசத்துக்கு மாசம் மை மாறியிருக்கணும்." மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார். "சடையன் கைநாட்டு இல்லேன்னா இது வெறும் காகிதம். போலீஸ் அவனைக் கூப்பிடறதுக்கு முன்னாடி முரளி எடுத்துட்டுப் போகட்டும்."

"வெப்பானாப்பா?" என்றான் முரளி.

ஐயா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "லில்லி அனுப்பினதுன்னு சொல்லு. வெப்பான்."

சடையனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். 112 என்று போட்டு மறுபடியும் அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். காப்பியை அவர் வாங்கி, நன்றாக இருந்த ஒரு கையால் மேசை விளிம்பில் அழுத்தி மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். ஐந்து மாதப் பழசாகும்வரை அதைச் செய்துகொண்டிருந்தார்.

பதிவேட்டைப் புதிதாக எழுத மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் ஐயா கீழே இறங்கி வந்தார். அவசரத்தில் என் எழுத்து ஒரே மாதிரி ஓடியபோது நாற்காலி முதுகில் விரலால் தட்டினார். பழைய பதிவேட்டை வெந்நீர் அடுப்பில் போட்டோம். மூன்றாம் நாள் மலையிலிருந்து காப்பி திரும்பி வந்தது. கீழே நீல மையில் சடையனின் கட்டைவிரல். அந்த மாலையே அவரைக் கைது செய்தார்கள். பொதுவாக அலட்சியமாகப் பதியும் அவருடைய ரேகை அன்று அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது. நன்றாக அழுத்தி வைத்திருக்கிறார்.

பாஷா அந்த வாரமே வேன் சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டார். கோப்பு எதிரே இருந்தது. அதைத் தொடவில்லை. "பண்ட்டியா?" என்று மட்டும் கேட்டார். நான் தலை குனிந்திருந்தேன். "பாவி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பிறகு அனகாபுத்தூரில் கல்யாண வண்டி ஓட்டினார் என்று கேள்வி. பல்லாவரம் ஸ்டேஷனில் ஒருமுறை எதிரே வந்தார். பார்க்காத மாதிரி போய்விட்டார்.

வழக்கு இரண்டு வருடம் நடந்தது. கடிதத்தை நிரூபிக்க என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். புதிய டிரைவர் அலுவலக வேனிலேயே அழைத்துப் போனார். பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

"இந்தக் கடிதம் அந்த ஜூன் மாதம் உங்களால் தட்டச்சு செய்யப்பட்டு அனுப்பப்பட்டதா?"

"ஆமாம்."

"எதிரி சடையன் கைநாட்டு வைத்துப் பெற்றுக்கொண்டாரா?"

"ஆமாம்."

சடையன் கூண்டிலிருந்து ஏதோ சொன்னார். குறுக்கே பேசக் கூடாது என்று அடக்கினார்கள். என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வராந்தாவில் சுதா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்களாவது இவ்வளவு தூரம் வந்து உண்மையைச் சொன்னீங்க. ரொம்ப நன்றி மேடம்" என்றாள். அவளை இழுத்துக் கரை சேர்த்த ஆளுக்கு எதிராக நான் சொன்ன சாட்சியைத்தான் உண்மை என்றாள். நான் பரவாயில்லம்மா என்றேன். அதைத்தான் சொன்னேன். பரவாயில்லம்மா.

சடையனுக்கு ஒரு வருடத் தண்டனை. முரளி சொன்ன வக்கீல் இரண்டு வாய்தாவுக்கு வந்ததோடு சரி. ஐயா தீர்ப்பு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். சாவு வீட்டில் என்னைக் குடும்பத்தோடு உட்கார வைத்தார்கள்.

நான் வேலையை விடவில்லை. விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மகள் படித்துக்கொண்டிருந்தாள், கணவருக்கு உடம்பு சரியில்லை என்று காரணங்கள் சொல்லலாம். பாஷாவுக்கும் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் அதே நாற்காலியில் உட்கார்ந்து அட்டையை நிரப்பினேன். ஓய்வு பெற்றபோது முரளி சால்வை போர்த்தி, "லில்லி அக்கா இல்லேன்னா இந்த நிறுவனமே இல்ல" என்றான். கூட்டத்தில் அதன் பொருள் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருடம் கழித்துத் தோட்டத்தை யாருக்கோ விற்றுவிட்டான்.

கணவர் போன பிறகு ஒரு நாள் விடியற்காலையில் பஸ் ஏறினேன். இத்தனை வருடம் எத்தனையோ பேரை அனுப்பிய மலைக்கு நான் போனதே இல்லை. சனி, ஞாயிறு அலுவலகத்தில் யாராவது இருக்க வேண்டும், அது நான்தான். வேலூரில் மாறி, அடிவாரத்தில் மாறி, உச்சி வெயிலில் சடையனின் ஊரில் இறங்கினேன். பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டினார்கள்.

வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை விழுந்திருந்தது. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

"தங்கச்சியா? தாம்பரத்துத் தங்கச்சியா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அந்த அம்மாள் செம்பை என் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

தண்ணீரைக் குடிக்காமலே ஆரம்பித்தேன். அந்தக் கடிதம் ஜூன் மாதம் எழுதியது இல்லை, அந்தப் பையன் இறந்த பிறகு எழுதியது என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றார். "வெரல வெச்சவன் நான்தான? என்னிக்கு வெச்சேன்னு எனக்குத் தெரியாதா? கூண்டுல நின்னு அதத்தான் கத்தினேன்."

நான் செம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"நீ கோர்ட்டுல தல நிமிராம பேசின. பாவம், பொம்பளப் புள்ள, மெரட்டி இட்டாந்துட்டானுங்கன்னு நெனச்சேன். உள்ள இருக்கச்சயும் அதான் நெனச்சிக்கினு கெடந்தேன். இவ உன்னியத் திட்டுவா. எத்தினியோ வாட்டி சண்ட. தங்கச்சி அப்பிடிப்பட்டது இல்லடின்னு சொல்லிக்கினே இருந்தேன்." புரை விழுந்த கண் என் பக்கம் திரும்பியது. "இன்னா சொல்லி மெரட்டினானுங்க?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய். அதில் எனக்குப் பழக்கம் இல்லாமலும் இல்லை. வேலையை விட்டுத் தூக்குவோம் என்றார்கள் என்றால் நம்பியிருப்பார். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

"யாரும் மெரட்டலண்ணா" என்றேன். "கேட்டாங்க. எழுதிக் கொடுத்தேன்."

அவர் முகத்தில் கோபம் ஒன்றும் வரவில்லை. கேட்டது சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று யோசிப்பவர் மாதிரி தலையைச் சாய்த்தார். பிறகு கட்டிலின் சட்டத்தைத் தடவிப் பிடித்து எழுந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சிறிது நேரம் கழித்து அந்த அம்மாள் மட்டும் வெளியே வந்தார்.

"நாலு மணிக்குக் கடசி பஸ்ஸு" என்றார். "அதுல போயிடு. எங்க ஊட்டாளு இனிமே வெளிய வராது."